கொக்கி சொன்னது

எங்கள் மதுரைப் பக்கம் முழங்காலுக்குள் இருப்பதெல்லாம் ஜவ்வுதான். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கும் தசைநார் அறுந்தாலும் ஜவ்வு. இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் கிடக்கும் மெத்தை கிழிந்தாலும் ஜவ்வு. எலும்பு முனையில் பூசியதுபோல் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்தாலும் அதுவும் ஜவ்வுதான். "ஜவ்வு பிஞ்சு போச்சுன்றாய்ங்க சார், ரெண்டு ஓட்டை போட்டு ஒட்டி விட்றலாமாம்ல?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். அடுத்த கேள்வி அநேகமாக, "லேசர்ல பண்றதா சார்?" என்பதாக இருக்கும். லேசர் கிடையாது, கேமராவும் கத்திரியும்தான் என்று சொன்னால் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரியும்.

இருபத்திரண்டு வருடமாக இந்த ஓட்டை போடும் வேலையைத்தான் பார்க்கிறேன். நாங்கள் ஆர்த்ராஸ்கோப்பி என்போம். பத்திரிகைகளில் நுண்துளை அறுவை சிகிச்சை என்று எழுதுகிறார்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் சட்டைப் பொத்தான் துவாரம் அளவுக்குப் பக்கத்துக்கொரு வாசல். ஒன்றில் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராக் குழல் போகும், மற்றதில் கருவி போகும். மேலே தொங்கும் பையிலிருந்து உப்புத் தண்ணீர் உள்ளே ஓடி மூட்டை விரித்துப் பிடித்திருக்கும். ஓட்டை சின்னது என்பதால் ஆபரேஷனும் சின்னது என்று நோயாளிகள் மட்டும் நினைப்பதில்லை. படித்து முடித்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் கருவித் தட்டில் இருபது முப்பது சாமான்கள் இருக்கும். கடித்து எடுக்கும் பன்ச், சுழன்று சுரண்டி உறிஞ்சும் ஷேவர், திசுவைச் சுட்டுச் சுருக்கும் ரேடியோ அலை முனை. விலை உயர்ந்தவை இவைதான், பார்க்க வருபவர்கள் கையில் எடுத்துப் பார்ப்பதும் இவற்றைத்தான். எனக்குப் பிடித்தது புரோப். நுனி செங்கோணமாக வளைந்த மெல்லிய எஃகுக் கம்பி, அவ்வளவுதான். வெட்டாது, சுரண்டாது, தைக்காது. தொட்டுப் பார்க்கும். வளைந்த நுனி 3 அல்லது 4 மில்லிமீட்டர் இருக்கும் என்பதால் கிழிசலின் நீளத்தை அளக்கும் அடிக்கோலும் அதுவே. தியேட்டரில் எல்லோருக்கும் அது புரோப். நான் கொக்கி என்பேன். எங்கள் சிஸ்டருக்கும் அது பழகிவிட்டது.

கேமரா மேற்பரப்பைத்தான் காட்டும். இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா, அடியில் பொக்காக இருக்கிறதா என்பதெல்லாம் கொக்கிக்குத்தான் தெரியும். திரையில் முழுசாகத் தெரியும் தசைநாரைக் கொக்கியால் இழுத்தால் துவைத்த நாடாபோல் தொய்ந்து வரும். வெள்ளை வெளேரென்று மின்னும் குருத்தெலும்பைத் தொட்டால் கனிந்த மாம்பழம் மாதிரி அமுங்கும். என் தொழிலில் நான் எடுத்த நல்ல முடிவுகள் பெரும்பாலும் இந்தக் கம்பியின் நுனியில் எடுத்தவை. மோசமான முடிவுகள், அதைச் சீக்கிரம் கீழே வைத்துவிட்டு வேறொன்றைக் கையில் எடுத்தபோது நேர்ந்தவை.

மேலூர் பக்கத்துத் தம்பி ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, கபடியில் ரைடர். கோடு தொடத் திரும்பும்போது எதிரணிக்காரன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். உடம்பு ஒரு பக்கம் திரும்ப, கால் மண்ணில் ஊன்றியபடி நிற்க, உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டதாம். இரண்டு மணி நேரத்தில் முட்டி பலாப்பழமாக வீங்கிவிட்டது. ஊரில் எண்ணெய் போட்டு நீவி, மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவிக் கட்டுப் போட்டார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வற்றியது. வலியும் போனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று கட்டை அவிழ்த்தார்கள்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அறுந்த ஏசிஎல், அதாவது முன் குறுக்குத் தசைநார், வலிக்காது. அறுந்த கயிற்றுக்கு ஏது வலி? நேராக நடந்தால் ஒன்றும் தெரியாது. திரும்பும்போதுதான் கால் 'நழுவும்'. பஸ் படியில் இறங்கும்போது ஒருமுறை நழுவியது, வாய்க்கால் தாண்டும்போது ஒருமுறை. ஒவ்வொரு நழுவலிலும் தொடை எலும்பு முன்பின்னாகச் சறுக்கி நடுவில் இருக்கும் பிறை வடிவ மெத்தையை, அதாவது பிறைத்தட்டைக் கடிக்கும். நாலாவது மாதம் அது நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த துண்டு மூட்டின் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. வாளியின் கைப்பிடி ஒரு பக்கமிருந்து மறு பக்கம் சாய்வது மாதிரி என்பதால் வாளிப்பிடிக் கிழிசல் என்போம். கதவிடுக்கில் மிதியடி சிக்கியதுபோல் மூட்டு பூட்டிக்கொண்டது. முப்பது டிகிரி மடங்கிய காலோடு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தான். பூட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது.

படுக்க வைத்து, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கெண்டைக்காலை மறு கையால் முன்னுக்கு இழுத்துப் பார்த்தேன். லாக்மன் சோதனை, ஃபிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் லாக்மன் பெயரில் வழங்குவது. நல்ல காலில் கட்டிய கயிறு இழுபட்டு நிற்பதுபோல் 'டக்' என்று நிற்கும். இவன் காலில் அந்த 'டக்' இல்லை. சேற்றில் ஊன்றிய முளைக்குச்சி மாதிரி கூடவே வந்தது. எம்ஆர்ஐ எடுத்தோம். எடுக்காவிட்டாலும் முடிவு மாறியிருக்காது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போக வைப்பதால் நோயாளி விழித்தேதான் இருப்பான். திரையைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். இந்தத் தம்பி பார்த்தான்.

உள்ளே போனதும் எப்போதும் ஒரே வரிசையில்தான் சுற்றுவேன். முட்டிச் சில்லுக்கு மேலே உள்ள பை, சில்லின் அடிப்பக்கம், உள்பக்கப் பள்ளம், உள்ளறை, நடுவிலுள்ள குகை, வெளியறை, வெளிப்பக்கப் பள்ளம். என்ன கிழிந்திருக்கிறது என்று முன்பே தெரிந்தாலும் நேரே அங்கே போகக் கூடாது. மூலவரைப் பார்க்கும் அவசரத்தில் பிரகாரத்தை விட்டவர்கள் அங்கே கிடந்த எலும்புத் துணுக்கைப் பார்க்காமல் தையல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர்களில் நானும் உண்டு; அந்த நோயாளி ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தார்.

இளம் வயதுக்காரர்களின் குருத்தெலும்பைத் திரையில் பார்ப்பது ஓர் அழகு. இளநீரை வெட்டி வழுக்கையைப் பார்ப்பதுபோல் வெளுத்து, வழவழவென்று, ஈரத்தில் மின்னும். தேய்ந்த மூட்டில் அதுவே துருவிய தேங்காய்ப்பூ மாதிரி இழை இழையாக எழுந்து உப்புத் தண்ணீரில் ஆடும். தம்பியின் மூட்டில் வழுக்கைதான், ஒரு கீறல் இல்லை. "இது என் காலா சார்?" என்றான். "உன் கால்தான், நல்ல கால்தான்" என்றேன். குகைக்குள் போனபோது வெளிப்பக்கச் சுவர் மொட்டையாக இருந்தது. தசைநார் பிடித்திருக்க வேண்டிய இடம் அது. அறுந்த நுனி அடியில் சுருண்டு கிடந்தது. உள்ளறையில் பிறைத்தட்டைக் காணோம். அது நடுவில் வந்து மடிந்து கிடந்தது.

கொக்கியை உள்ளே விட்டு மடிந்த பிறைத்தட்டின் விளிம்பில் வைத்து மெதுவாக ஓரத்தை நோக்கித் தள்ளினேன். ஒரு கணம் முரண்டு பிடித்தது. பிறகு வழுக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. மடங்கியே இருந்த கால் அந்த நொடியில் மேஜையோடு மேஜையாக நிமிர்ந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

இனிமேல்தான் முடிவு எடுக்க வேண்டும். கிழிந்த துண்டை வெட்டி எடுத்துவிடலாம். பதினைந்து நிமிட வேலை. நோயாளி மறுநாளே நடப்பான், வீட்டார் கையெடுத்துக் கும்பிடுவார்கள். தைக்கலாம். அது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறு வாரம் ஊன்றுகோல், தையல் பிடிக்காமலும் போகலாம். பிடிக்காவிட்டால் கெட்ட பெயர் வேறு. கிழிசல் ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தைக்கலாம், ஏனென்றால் பிறைத்தட்டில் ரத்த ஓட்டம் வெளி ஓரத்தில்தான் உண்டு. உள் ஓரத்துக்குப் போகப் போக ரத்தம் இல்லை, ரத்தம் இல்லாத இடம் ஆறாது. கொக்கியால் விளிம்பை நீவிப் பார்த்தேன். நைந்து போகாமல், துணி மடிப்புபோல் உறுதியாக இருந்தது. ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டருக்குள்தான் கிழிசல். தைப்பது என்று முடிவு செய்தேன்.

இந்த முடிவுக்கு எனக்கு ஒரு கண்டக்டர் காரணம். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், முப்பது வயசுக்காரர், ஏறக்குறைய இதே கிழிசல். அன்றைக்கு என் பட்டியலில் இன்னும் மூன்று ஆபரேஷன் இருந்தது. தைக்கும் சாமான் கைவசம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லி வைத்திருந்தால் வந்திருக்கும். வெட்டி எடுத்தேன். அவர் மூன்றாம் வாரம் வேலைக்குப் போனார், தீபாவளிக்கு இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். பதினான்கு வருடம் கழித்து வந்தபோது அந்த ஒரு கால் மட்டும் வில்லாக வளைந்திருந்தது. உள்ளறையில் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. அவருக்கு என் மேல் ஒரு வருத்தமும் இல்லை. "நீங்க பாத்த கால்தான் சார், அதான் உங்ககிட்டயே வந்தேன்" என்றார். எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறைத்தட்டை உதவாக்கரை என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. 1897இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பிளாண்ட் சட்டன் அதை வேலையற்றுப்போன தசையின் எச்சம் என்றே எழுதிவைத்தார். இத்தனைக்கும் அதற்குப் பதினான்கு வருடம் முன்பே, 1883இல், எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் அதைத் தைத்துக் காட்டியிருந்தார். தைத்தவரை மறந்துவிட்டு, எச்சம் என்றவரை உலகம் நம்பியது. முழுசாகப் பிடுங்கி எடுப்பது பல பத்தாண்டுகள் நடந்தது. எடுத்த மூட்டுகள் எக்ஸ்ரேயில் எப்படி மாறுகின்றன என்று ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948இல் வரிசையாகக் காட்டிய பிறகும் கைகள் சட்டென்று மாறவில்லை. நிமிர்ந்து நிற்கும்போது மூட்டில் இறங்கும் சுமையில் ஏறத்தாழ பாதியை இந்தப் பிறைத்தட்டுதான் வாங்கிக்கொள்கிறது. மடக்கும்போது இன்னும் அதிகம். கண்டக்டரின் காலில் அந்தப் பங்கை நான் குருத்தெலும்பின் தலையில் கட்டிவிட்டேன்.

உள்ளிருந்தே தைக்கும் கருவிகள் இப்போது வந்துவிட்டன; ஒன்று பல ஆயிரம் ரூபாய். இவனுக்கு ஏழெட்டுத் தையல் தேவைப்பட்டது, அம்மாவின் கையில் இருந்ததோ காப்பீட்டு அட்டை. பழைய முறையில் தைத்தேன். பத்து அங்குல நீளமுள்ள வளையும் ஊசியை மூட்டுக்குள்ளிருந்து பிறைத்தட்டில் குத்தி, உள்பக்கப் பின்புறத்தில் போட்ட சிறிய கீறல் வழியாக வெளியே எடுக்க வேண்டும். ஊசி வரும் வழிக்குச் சற்றுத் தள்ளி முழங்காலின் பின்குழியில் பெரிய ரத்தக்குழாய் போகிறது. ஊசி அந்தப் பக்கம் போய்விடாமல் தடுத்துத் திருப்பிவிட நாங்கள் வைப்பது என்ன தெரியுமா? சாப்பிடுகிற ஸ்பூன். வளைத்து, நீராவியில் சுத்தம் செய்து, குழிவான பக்கம் மூட்டைப் பார்க்கும்படி உதவியாளர் பிடித்திருப்பார். ஊசி முனை வந்து ஸ்பூனில் மோதும் சத்தம் கேட்ட பிறகுதான் மேலே தள்ளுவேன். லட்சக்கணக்கில் விலையுள்ள கேமராவுக்குப் பக்கத்தில் பாத்திரக் கடை ஸ்பூன் இருப்பதைப் பார்த்து, பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதல் நாள் சிரிப்பார்கள்.

அவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு செருப்புப் பெட்டி. மூடியில் இரண்டு துளை, உள்ளே ஒரு சின்ன கேமரா, சில புளியங்கொட்டைகள். திரையைப் பார்த்தபடி, நீளக் கம்பியால் கொட்டைகளை ஒவ்வொன்றாக மூலையில் சேர்க்க வேண்டும். கேட்கச் சுலபம். இடது கை கேமராவைப் பிடித்திருக்கும், வலது கை கருவியை. இரண்டும் வெவ்வேறு துளையில் போய் உள்ளே ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். முதல் வாரம் கருவி எங்கே இருக்கிறதென்றே தெரியாது, கண் திரையை விட்டுக் கைக்கு ஓடும். போதாததற்கு எங்கள் குழல் நேராகப் பார்ப்பதில்லை, முப்பது டிகிரி சாய்வாகப் பார்க்கும். கேமராவை அசைக்காமல் வெளிச்சக் கம்பியை மட்டும் திருப்பினால் கழுத்தைத் திருப்பி மூலையை எட்டிப் பார்ப்பதுபோல் காட்சி மாறும். புதியவர்கள் கேமராவையே திருப்பி, மேல் எது கீழ் எது என்று திணறுவார்கள். பெட்டி முடிந்தால் கறிக்கடை பாயிடம் சொல்லி வைத்து வாங்கிய ஆட்டு முட்டி. அதன் பிறகுதான் தியேட்டரில் கேமராவைப் பிடிக்க விடுவேன். நான் கற்ற காலத்தில் செருப்புப் பெட்டி இல்லை. என் முதல் வருடத்தில் உலோகக் குழலை வேகமாக உள்ளே விட்டு ஒரு நோயாளியின் குருத்தெலும்பின்மேல் நகக் கீறல்போல் ஒரு கோடு போட்டேன். எங்கள் பேராசிரியர் ஒன்றும் பேசாமல் கேமராவை அந்தக் கோட்டுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு, "இது ஆறாது" என்று மட்டும் சொன்னார்.

வெளியறையைப் பார்ப்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. கணுக்காலை மறு காலின் மேல் போட்டு, முட்டியை வெளியே சாய்க்க வேண்டும். பாதிச் சம்மணம். அப்போதுதான் வெளிப்பக்க இடுக்கு திறக்கும். ஒவ்வொரு முறை அப்படிக் காலை வைக்கும்போதும் இந்தத் தொழில் தரையில் உட்காரும் ஜனங்களிடம் பிறந்தது என்ற நினைப்பு எனக்கு வரும். டோக்கியோவில் கெஞ்சி டகாகி 1918இல் சிறுநீர்ப்பை பார்க்கும் குழலை ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். ஐரோப்பாவிலும் அந்தக் காலத்தில் முயன்றவர்கள் உண்டு. ஆனால் டகாகிக்கு ஓர் அவசரம் இருந்தது. மூட்டுக் காசநோய் வந்து முட்டி விறைத்துப்போனால், பாயில் மண்டியிட்டு வாழும் ஜப்பானியருக்கு வீட்டில் சாப்பிட உட்காரவும் இடமில்லை. விறைப்பதற்கு முன் உள்ளே பார்த்தாக வேண்டும். 1931இல் குழலை 3.5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். அவர் மாணவர் மசாகி வதனபே கருவிகளுக்கு எண் போட்டுக்கொண்டே போய், 21ஆம் எண் கருவியில் உலகம் ஒத்துக்கொள்ளும் தரத்தை எட்டினார். 1962இல் கிழிந்த பிறைத்தட்டின் ஒரு பகுதியை மட்டும் குழல் வழியே எடுத்தார். முனையில் குட்டி பல்பு எரியும் கருவி அது. சில சமயம் பல்பு மூட்டுக்குள்ளேயே உடையும். 1964 ஒலிம்பிக்கின்போது டோக்கியோ போயிருந்த கனடாக்காரர் ராபர்ட் ஜாக்சன், வதனபேயிடம் கற்றுக்கொண்டு இதை அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனார். உடையும் பல்புக்கு விடிவு கண்ணாடி இழையில் வந்தது. அந்த இழைக் கற்றையில் படத்தைக் கடத்த முடியும் என்று 1954இல் இயற்பியலாளர் ஹாப்கின்ஸோடு சேர்ந்து எழுதிக் காட்டியவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. வெளிச்சம் தரும் விளக்கு வெளியே இருக்க, சூடில்லாத வெளிச்சம் மட்டும் உள்ளே போவது அப்படித்தான் வந்தது. எங்கள் சிஸ்டர் தினம் சுருட்டி வைக்கும் கேபிளில் ஒரு பஞ்சாபிக்காரரின் மூளை இருக்கிறது.

தம்பிக்கு வருகிறேன். தையல் முடிந்ததும் புது தசைநார் செய்ய வேண்டும். அறுந்த ஏசிஎல்லை இழுத்துத் தைப்பது பெரும்பாலும் நிற்பதில்லை. உடம்பிலிருந்தே வேறொரு நார் எடுத்து அந்த இடத்தில் கட்டுவோம். தொடையின் பின்பக்கத் தசை நார்களை முட்டிக்குக் கீழே ஒரு சிறு கீறலில் தேடிப் பிடித்து, வளையம் போன்ற ஸ்ட்ரிப்பரால் உருவி எடுப்போம். இதில் ஒரு கண்டம் உண்டு. அந்த நாரிலிருந்து கெண்டைக்கால் தசைக்குக் கிளைபோல் பட்டைகள் போகும். அவற்றை வெட்டிவிடாமல் உருவினால் ஸ்ட்ரிப்பர் கிளை வழியாகத் திரும்பி நாரைப் பாதியிலேயே அறுத்துவிடும். கையில் வருவது அரைமுழம். அதனால் கொக்கி போலவே விரலும் உள்ளே போய், நாரைச் சுற்றி வந்து, எங்கும் தட்டவில்லை என்று உறுதி செய்யும்வரை நான் உருவுவதில்லை. சரியாக விட்டால் ஈரக் கயிறு கிணற்றிலிருந்து வருவதுபோல் தானே வரும். அதை மடித்து, முனைகளைத் தைத்து, 8 மில்லிமீட்டர் தடிமன் வந்தது. ஆன்டிபயாட்டிக் கரைசலில் நனைத்த துணியில் சுற்றி வைத்தோம்.

தொடை எலும்பில் துளை போடும் இடம்தான் எல்லாம். பழைய நார் பிடித்திருந்த அதே இடத்தில் போட வேண்டும். மேலே உயர்த்திப் போட்டால் நார் செங்குத்தாக நிற்கும், முன்னால் இழுத்தால் பிடிக்கும், திரும்பினால் பிடிக்காது. கபடிக்காரனுக்குத் திரும்புவதுதானே வேலை? முழங்காலை நன்றாக மடக்கி, மொட்டைச் சுவரில் பழைய நாரின் எச்சத்தைக் கொக்கியால் வருடி இடம் குறித்த பிறகுதான் டிரில்லைத் தொட்டேன். துளையிடும்போது எலும்புக்குள்ளிருந்து வரும் ரத்தமும் மஜ்ஜையும் மூட்டில் கலக்கும்; தைத்த பிறைத்தட்டு ஆறுவதற்கு அதுவே மருந்து. ரத்தத்தை நிறுத்தத் தொடையில் இறுக்கிக் கட்டிய டூர்னிகே இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதால் சுவர்க் கடிகாரத்தைச் சிஸ்டர் அரைமணிக்கு ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார். நூற்றுப் பத்து நிமிடத்தில் முடித்தோம். கடைசியில் கொக்கியால் புது நாரை இழுத்துப் பார்த்தேன். தம்பூராவின் தந்திபோல் நின்றது.

எல்லாக் கிழிசலையும் தைக்கவோ வெட்டவோ வேண்டும் என்று இதை வைத்து யாரும் நினைத்துவிடக் கூடாது. ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் முட்டி வலிக்கு எம்ஆர்ஐ எடுத்தால் அறிக்கையில் 'கிழிசல்' என்ற சொல் இருப்பது சகஜம். வயதான பிறைத்தட்டு பழைய வேட்டி மாதிரி, இழை விடும். அதற்கெல்லாம் ஓட்டை போட்டு 'சுத்தம்' செய்வது ஒரு காலத்தில் அமோகமாக நடந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 தேய்மான நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு நிஜ ஆர்த்ராஸ்கோப்பியும் சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு வருடம் தொடர்ந்தும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த முடிவு 2002இல் வெளிவந்தது. 2013இல் பின்லாந்துக்காரர்கள் வயதால் கிழிந்த பிறைத்தட்டுள்ள 146 பேரிடம் இதேபோல் செய்ததிலும், நிஜமாக வெட்டப்பட்டவர்களும் வெட்டுவதுபோல் நடிப்பு மட்டும் நடந்தவர்களும் ஒன்றாகவே தேறினார்கள். எங்கள் கூட்டத்தில் இதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் நிறைய. நான் அந்த வகை ஆபரேஷனைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். "செய்யவே வேண்டாமா டாக்டர்?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு உடற்பயிற்சிச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். பாதிப் பேர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நம் தம்பிக்கு ஆபரேஷன் முடிந்த அன்று மாலையே முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, 'அமுக்கு' என்றோம். தொடைத் தசை அசையவே இல்லை. ஒரு வாரம் வேலை நிறுத்தினால் அந்தத் தசை மறந்துவிடும். மூன்றாம் நாள்தான் துண்டு நசுங்கியது. வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறை. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் வட்டமாக வெட்டி வைத்தார். "நீங்க ரெண்டு ஓட்டை போட்டீங்க, நாங்க ஒண்ணு போட்டோம்" என்று அந்த அம்மா சொன்னதற்கு வார்டே சிரித்தது. சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் தையற்காரர் டேப் வைத்து மாதாமாதம் தொடையை அளந்தோம். மூன்றாம் மாதம் வலி சுத்தமாகப் போயிற்று. அந்த மாதம்தான் எனக்குப் பயம். எடுத்துக் கட்டிய நார் முதலில் உயிரிழந்து, பிறகு உடம்பு அதில் புது ரத்தக்குழாய் விட்டு மெல்லத் தன்னுடையதாக்கிக்கொள்ள வேண்டும். முதல் சில மாதங்கள் கட்டிய அன்று இருந்ததைவிட அது பலவீனமாக இருக்கும். நோயாளிக்கோ ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஊர்த் திருவிழாவில் கபடிப் போட்டி என்று கேட்டு வந்தான். மறுத்தேன். முறைத்துக்கொண்டு போனான். அம்மா அவன் பூட்ஸை எடுத்து உறவுக்காரர் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஒன்பதாம் மாதம் வந்தான். இரண்டு தொடையும் டேப்பில் ஒரே அளவு. ஒற்றைக் காலில் தாவச் சொன்னேன். நல்ல காலின் தூரத்தைத் தொட்டான். குந்தி உட்கார்ந்து எழுந்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். லாக்மன் சோதனை செய்தேன். 'டக்'.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடும்போதோ பைக்கிலிருந்து விழும்போதோ முட்டிக்குள் 'டப்' என்று கேட்டு, அன்றைக்கே வீங்கினால், எண்ணெய் போட்டு நீவாதீர்கள். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், வலி வற்றினாலும் அந்த வாரத்துக்குள் ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நிமிராமல் பூட்டிக்கொண்டால் நாள் கடத்தாதீர்கள். இன்று தைக்க முடிகிற பிறைத்தட்டு இரண்டு மாதம் நசுங்கினால் வெட்டத்தான் ஆகும். இன்னொன்று: எம்ஆர்ஐ அறிக்கையைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, "ஆபரேஷன் வேணுமா சார்?" என்று கேட்கிறீர்கள். அதைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. காலையும் கொண்டு வாருங்கள்.